டெக்கே அளவுகோல்: கப்பலில் இறங்கும் ஹெலிகாப்டரைக் கேமராவால் அளப்பது

காட்டுப்பள்ளியில் கட்டி, கடலோரக் காவல் படைக்குக் கொடுத்த விக்ரம் வகை ரோந்துக் கப்பலின் நீளம் 98 மீட்டர், அகலம் சுமார் 15 மீட்டர். துருவ் ஹெலிகாப்டரின் ரோட்டார் விட்டம் 13.2 மீட்டர். அது அந்தப் பின்தளத்தில் நட்டநடுவே இறங்கினாலும் பக்கத்துக்கு 90 செ.மீ. தான் மிச்சம். பக்கவாட்டில் பிளேடு கொஞ்சம் வெளியே நீட்டினாலும் பரவாயில்லை, அங்கே வெறும் காற்றுதான். முன்னால் நிற்கிறதே ஹேங்கர் (ஹெலிகாப்டரை நிறுத்தும் கொட்டகை) சுவர், அதுதான் எமன். பிளேடு நுனிக்கும் அந்தச் சுவருக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதைத்தான் நொடிக்கு நொடி யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விமானியின் கண்ணும், தளத்தில் கைகாட்டி நிற்கும் மார்ஷலரின் கண்ணும்தான் வழக்கமாக அதைச் செய்கின்றன.

இதைக் கேமராவால் அளக்க முடியும். ஆனால் இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தப்பான முனையைப் பிடிக்கிறார்கள். எந்த நியூரல் நெட்வொர்க், படத்தில் பொருளைக் கண்டுபிடிக்கும் யோலோ மாடலில் எந்தப் பதிப்பு என்று மூன்று மாதம் ஓடிவிடும். கடலுக்குப் போனதும் அமைப்பு கவிழ்வது அங்கே அல்ல. கண்ணாடியில் படிந்த உப்பு, அரை டிகிரி நகர்ந்த பிராக்கெட், நேரக் குறியீட்டில் 200 மில்லிநொடிப் பிசகு, இவைதான் கவிழ்க்கும். அதனால் இந்தப் பதிவில் மாடலுக்கு ஒரு பத்தி மட்டும்.

ஏன் கேமரா? ஜிபிஎஸ் வைத்து அளக்க ஹெலிகாப்டரிலும் கருவி வேண்டும், கப்பலிலும் வேண்டும், நடுவே ரேடியோ இணைப்பும் வேண்டும். இருந்தாலும் தளத்தில் நடக்கும் ஆள் அதில் தெரியமாட்டார். ரேடாருக்கு இவ்வளவு கிட்டத்தில் கப்பலின் இரும்பே பெரிய இரைச்சல். கேமரா எதையும் உமிழாது; ஹெலிகாப்டரையும் ஆளையும் தரையில் கிடக்கும் கொக்கியையும் ஒரே படத்தில் காட்டும்.

அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் 'வீஜா போர்டு' என்று ஒரு மேசை பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. மேசைமேல் கப்பல் தளத்தின் சிறிய வடிவம், அதன்மேல் விமான வடிவில் வெட்டிய துண்டுகள். எந்த விமானத்துக்கு எரிபொருள் வேண்டும், எது பழுது என்பதைக் காட்ட அந்தத் துண்டுகள்மேல் நட்டு, குண்டூசி எல்லாம் வைப்பார்கள். அதில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. எல்லா இடமும் தளத்தை வைத்துத்தான் சொல்லப்படும். கேமரா வேலைக்கும் அதே புத்திதான் சரி. கப்பல் உலகத்தில் எங்கே இருந்தால் என்ன, டெக்கின்மேல் எது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. டெக்கின் நடுவில் பூஜ்யத்தை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு அச்சு கப்பல் முன்முனை நோக்கி, ஒன்று இடப்பக்கம், ஒன்று மேலே.

கேமராவுக்குக் கணக்கு இப்படி. 1920 பிக்சல் அகலம், 60 டிகிரி பார்வைக் கோணம் என்றால் குவியத்தூரம் 1663 பிக்சல். 20 மீட்டரில் ஒரு பிக்சலுக்கு 1.2 செ.மீ., 200 மீட்டரில் 12 செ.மீ. துருவின் ரோட்டார் 1 கி.மீ. தள்ளி வெறும் 22 பிக்சல். நேர் எதிரே வந்தால் உடல் மூன்று நான்கு பிக்சல் இருந்தாலே அதிகம். ஆகவே 60 டிகிரி லென்ஸ் தளத்துக்கு. தூரத்தில் வருவதைப் பிடிக்க 12 முதல் 15 டிகிரியில் இன்னொரு கேமரா. ஒரே ஜூம் லென்ஸில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். ஜூம் நகர்ந்தால் குவியத்தூரம் மாறும், குவியத்தூரம் மாறினால் அளவு முழுக்கப் பொய்.

இரண்டு கேமராக்களை ஹேங்கர் கூரையின் இரு மூலைகளில் 4 மீட்டர் இடைவெளியில் வைத்தால் ஆழம் கிடைக்கும். பிழை தூரத்தின் வர்க்கமாக ஏறும் என்பதை மறக்கக் கூடாது. அரை பிக்சல் பொருத்தப் பிழைக்கு 20 மீட்டரில் 3 செ.மீ., 100 மீட்டரில் 75 செ.மீ., 300 மீட்டரில் கிட்டத்தட்ட 7 மீட்டர். 300 மீட்டரில் 'தூரம் 287.4' என்று தசமப் புள்ளியோடு காட்டும் திரை பொய் சொல்லும் திரை. அங்கே திசையை மட்டும் காட்டினால் போதும்.

சென்சார் குளோபல் ஷட்டராக, அதாவது படம் முழுவதையும் ஒரே சமயத்தில் பதிவதாக இருக்க வேண்டும். ரோலிங் ஷட்டரில் வரி வரியாகப் படிப்பதால் பிளேடு வாழைப்பழம்போல வளையும். ரோட்டார் நொடிக்கு ஐந்து சுற்று என்று வைத்தால் நுனியின் வேகம் நொடிக்கு சுமார் 200 மீட்டர். 1/1000 நொடி எக்ஸ்போஷரில்கூட நுனி 20 செ.மீ. நகர்ந்துவிடும், 1/100 நொடியில் 2 மீட்டர். இதில் ஒரு பொறி உண்டு. நான்கு பிளேடு, நொடிக்கு ஐந்து சுற்று, கேமரா நொடிக்கு 20 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் ரோட்டார் சரியாகக் கால் சுற்று சுற்றியிருக்கும். திரையில் விசிறி நின்றுபோனதுபோல் தெரியும். ஆகவே 'ரோட்டார் நின்றுவிட்டது' என்ற முடிவைப் படத்தை வைத்து எடுக்கவே கூடாது. பிளேடைத் தேடும் வேலையையும் விட்டுவிடுங்கள். ரோட்டாரின் மையக் குமிழைப் பிடித்து, தெரிந்த ஆரம் 6.6 மீட்டரை அதன்மேல் வட்டமாக வரைந்தால் அதுவே அபாய வட்டம். பிளேடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வட்டம் அங்கேயே இருக்கும். எஞ்சினை நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் சுற்று குறைவாக இருப்பதால் பிளேடை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும் மையவிலக்கு விசை குறைவு. கப்பல்மேல் சுழன்று வரும் காற்றில் பிளேடு மேலும் கீழும் அடித்து, வால் தண்டையும் தொடலாம், ஆள் தலையையும் தொடலாம். முழு வேகத்தைவிட அந்த ஒரு நிமிடத்தில்தான் வட்டத்துக்கு மரியாதை அதிகம் வேண்டும்.

இனி காலிபரேஷன், அதாவது கேமரா சொல்லும் அளவை உண்மையான அளவோடு பொருத்துவது. இதில்தான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

முதலில் லென்ஸ். 100 மி.மீ. கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகை ஒன்று. நம் ஊரில் தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை இருக்கிறதே என்று ஃப்ளெக்ஸில் அடித்துவிடாதீர்கள், காற்றில் உப்பும். கட்டம் தட்டையாக இல்லாவிட்டால் லென்ஸின் கோணலும் பலகையின் கோணலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அலுமினிய காம்போசிட் ஷீட்டில் ஒட்டி, பின்னால் இரண்டு சட்டம் கொடுங்கள். 40 முதல் 60 படம். படத்தின் நான்கு மூலைகளிலும் பலகை வர வேண்டும், சாய்த்துப் பிடித்த படங்களும் வேண்டும். ஓப்பன்சிவி மென்பொருள் 0.3 பிக்சல் பிழை என்று சொன்னதும் மகிழ்ந்துவிட வேண்டாம். பலகையை நடுவிலேயே வைத்து எடுத்தாலும் அந்த எண் அழகாகவே வரும். டேப் வைத்து அளந்த நாலைந்து நீளங்களைத் தனியே வைத்துக்கொண்டு, கேமரா சொல்வதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஃபோகஸ் வளையத்தின் திருகை இறுக்கி, ஒரு சொட்டு லாக்டைட் பசை. அதன்பின் யார் வந்து 'கொஞ்சம் மங்கலா இருக்கே' என்று திருகினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

அடுத்து கேமரா கப்பலில் எங்கே, எந்தக் கோணத்தில் என்பது. டெக்கில் 12 புள்ளிகளைப் பெயிண்டால் குறித்து டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் அளக்க வேண்டும். சர்வே ஆட்கள் தரையில் வேலை செய்து பழகியவர்கள். கருவிக்குள் இருக்கும் சாய்வு ஈடுசெய்யும் காம்பன்சேட்டரை ஆன் செய்தே வைத்திருப்பார்கள். மிதக்கும் கப்பலில் அதை அணைத்தே ஆக வேண்டும். கயிறு கட்டி நிற்கும் கப்பலும் அசையும். கருவியோ புவியீர்ப்பைப் பார்த்துத் தன்னை நிமிர்த்திக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு சாய்வில் விழும். கருவியும் கப்பலோடு சேர்ந்து ஆடட்டும், அளவு கப்பலைச் சார்ந்தே வரட்டும்.

பன்னிரண்டும் தரையிலேயே இருக்கக் கூடாது. ஒரே தளத்தில் உள்ள புள்ளிகளிலிருந்து கேமராவின் இடத்தைக் கணக்கிட்டால் இரண்டு விடைகள் கிட்டத்தட்ட ஒரே பிழையோடு வரலாம், கணினி தப்பானதைத் தேர்ந்துவிடும். கேமராவுக்குத் தெரிகிற விளக்குக் கம்பத்தின் உச்சி, தடுப்புக் கம்பியின் முனை என்று உயரத்தில் குறைந்தது நான்கு இருக்கட்டும். ஏப்ரல்டேக் மாதிரி, கணினி எளிதில் அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை டெக்கில் வரையலாம், ஆனால் டயர் ரப்பரும் சொரசொரப்புப் பெயிண்டும் சீக்கிரமே தின்றுவிடும். ஏற்கெனவே இருக்கும் இறங்கு வட்டமே போதும். கடல் ஹெலிடெக்குகளுக்கான பிரிட்டிஷ் விதிநூலான கேப் 437-இன்படி வரைந்த தளம் என்றால் மஞ்சள் கோட்டின் அகலம் 1 மீட்டர், வட்டத்தின் உள்விட்டம் ஹெலிகாப்டரின் மொத்த நீளத்தில் பாதி. தளம் தன் அளவைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தப் புள்ளிகளை மென்பொருள் சில நொடிக்கொரு முறை திரும்பத் தேடிப் பார்க்க வேண்டும். பிராக்கெட் 0.1 டிகிரி அசைந்தாலே இந்தக் கேமராவில் 3 பிக்சல் நகரும். 100 மீட்டரில் அது 17 செ.மீ. சராசரி நகர்வு ஒன்றரை பிக்சலைத் தாண்டினால் கோணத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஐந்தைத் தாண்டினால் திருத்தக் கூடாது, பழுது என்று கத்த வேண்டும். யாரோ ஏணியைச் சாய்த்திருப்பார்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெக்குக்கு ஒரு ஹோமோகிராஃபி (படத்தில் உள்ள சமதளத்தை நிஜத் தளத்தோடு பொருத்தும் கணக்கு) போட்டுவிட்டால் பிக்சலிலிருந்து மீட்டருக்கு நேரே போய்விடலாம். ஆளின் பாதத்துக்கும் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அது சரி. காற்றில் இருப்பதற்குச் சரியே இல்லை. கேமரா 8 மீட்டர் உயரத்தில். ஹெலிகாப்டர் 12 மீட்டர் தள்ளி, டெக்குக்கு 3 மீட்டர் மேலே மிதக்கிறது. ஹோமோகிராஃபி அதை 19.2 மீட்டரில் காட்டும். ஏழு மீட்டர் பிழை, அதுவும் ஹேங்கரிலிருந்து தள்ளி இருப்பதாக, அதாவது பத்திரமான பக்கமாகப் பொய். இதற்கு மருந்து, ஹெலிகாப்டரின் மேலேயே ஆறு முதல் எட்டுப் புள்ளிகளைப் பிடிப்பது: மூக்கு, ரோட்டார் குமிழ், வால் ரோட்டார் குமிழ், சக்கரங்கள், வால் செங்குத்தின் நுனி. அவற்றின் உண்மையான இடைவெளி தெரியும் என்பதால் ஒரே கேமராவிலேயே இடமும் சாய்வும் கிடைக்கும்.

மாடலுக்கென்று முதலில் சொன்ன அந்த ஒரு பத்தி இது. மாடல்களைப் பயிற்றப் பலரும் எடுக்கும் கோகோ படத் தரவுத்தொகுப்பின் 80 வகைகளில் 'விமானம்' உண்டு, 'ஹெலிகாப்டர்' கிடையாது. அதில் பயின்ற மாடலை அப்படியே போட்டால் விமானம், பட்டம், பறவை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும். பிளெண்டர் மென்பொருளில் ஹெலிகாப்டரின் முப்பரிமாண வடிவை வைத்துச் செயற்கைப் படங்கள் செய்து பயிற்றுங்கள், புள்ளிக் குறிகள் இலவசமாக வரும். அதற்குமேல் இரண்டு மூவாயிரம் நிஜப் படங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது படம் படமாகப் பிரிக்காமல், ஒரு பறப்பு முழுவதையும் ஒரே பக்கம் வையுங்கள். அடுத்தடுத்த படங்கள் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று இங்கும் ஒன்று அங்கும் போனால் மதிப்பெண் வானத்தில் நிற்கும், கடலில் விழும். ஹெலிகாப்டர் இல்லாத படங்களும் நிறைய வேண்டும்: கொடி, கிரேன், அலை நுரை, கண்ணாடியில் நீர்த்துளி, காசிமேட்டுப் பக்கம் வட்டமிடும் பருந்து.

தொடர்ந்து பின்பற்ற கால்மன் ஃபில்டர் (அடுத்த இடத்தை ஊகித்து, புது அளவு வந்ததும் திருத்திக்கொள்ளும் கணக்கு) போதும். எந்தச் சட்டகத்தில், அதாவது எதைச் சார்ந்து இடத்தை அளந்து, ஓட்டுவது என்பதில்தான் சூட்சுமம். கப்பல் முன்பின்னாக 2 டிகிரி ஆடினால், 100 மீட்டர் பின்னால் அசையாமல் மிதக்கும் ஹெலிகாப்டர் டெக்கிலிருந்து பார்க்க மூன்றரை மீட்டர் ஏறி இறங்கும். சீரான வேகத்தில் போகும் என்று நம்பும் ஃபில்டர் ஒவ்வொரு அலைக்கும் ஏமாறும். கப்பலின் மோஷன் சென்சார் தரும் ரோல் (பக்கவாட்டு ஆட்டம்), பிட்ச் (முன்பின் ஆட்டம்), ஹீவ் (மேலும் கீழும் எழுந்திறங்குவது) மூன்றையும் கழித்து, அலை நீங்கிய சட்டகத்தில் ஹெலிகாப்டரைத் தொடருங்கள். எச்சரிக்கை கொடுக்கும்போது டெக்கின் சட்டகத்துக்குத் திரும்புங்கள். ஹெலிகாப்டர் நொடிக்கு 1 மீட்டர் இறங்க, டெக் நொடிக்கு 1.5 மீட்டர் எழும்பினால் சக்கரம் வாங்கும் அடி நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்துக்கு உரியது. அந்தக் கூட்டுத்தொகை டெக்கின் சட்டகத்தில்தான் தெரியும்.

கழிப்பதற்கு நேரம் பொருந்த வேண்டும். 2 டிகிரி ஆட்டம், 8 நொடிச் சுழற்சி என்றால் உச்ச வேகம் நொடிக்கு 1.6 டிகிரி. சென்சாருக்கும் படத்துக்கும் 200 மில்லிநொடி வித்தியாசம் இருந்தால் 100 மீட்டரில் 55 செ.மீ. பிழை. கருவிகளின் கடிகாரங்களை நெட்வொர்க் வழியே ஒன்றாக்கும் பிடிபி நேர ஒத்திசைவு போட்டாலும் கேமராவுக்குள் நடக்கும் தாமதம் அதில் அடங்காது. அதை அளக்க எளிய வழி: துறைமுக அலைத்தடுப்பைத் தாண்டி வெளியே வந்ததும் பத்து நிமிடம் தொடுவானத்தைப் படமெடுங்கள். படத்தில் தொடுவானம் சாய்வதும் சென்சார் சொல்லும் ரோலும் ஒரே வளைகோடுதான், ஒன்று சற்றுப் பிந்தி வரும். ஒன்றன்மேல் ஒன்றை நகர்த்திப் பொருத்தினால் தாமதம் தெரிந்துவிடும்.

ஆட்களைக் கண்டுபிடிக்க வெப்பக் கேமரா வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதுண்டு. சென்னை வெயிலில் மே மாத மதியம் இரும்பு டெக் மனித உடலைவிடச் சூடு. ஆள் கறுப்பாகத் தெரிவார், தரை வெள்ளையாக எரியும். ராத்திரி அப்படியே தலைகீழ். நடுவில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும். அந்த நேரத்தில் ஆள் தரையோடு கரைந்து காணாமல் போவார். சாதாரணக் கேமராவுக்கோ காலை வெயில்தான் பகை: கரை திரும்பும் கப்பல் மேற்கே பார்த்து வரும், பின்பக்கக் கேமரா நேரே சூரியனைப் பார்க்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும், ஒன்றை நம்பி மற்றதைக் கழற்ற வேண்டாம்.

இத்தனையும் எதற்கு? திரையில் ஒரு நிறம் காட்ட. பலரும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் வைக்கிறார்கள். நான்காவதாகச் சாம்பல் வேண்டும்: 'எனக்குத் தெரியவில்லை'. என் கணக்கில் இதுதான் இந்த அமைப்பின் முக்கியமான நிறம். ஆள் தென்படவில்லை என்பதும் ஆள் இல்லை என்பதும் ஒன்றல்ல. டெக் புள்ளிகளில் பாதி காணாமல் போனால் சாம்பல். மோஷன் சென்சார் அரை நொடி மௌனமானால் சாம்பல். பச்சை என்பது எல்லாச் சோதனையும் தேறிய பிறகு சம்பாதித்து வர வேண்டிய நிறம். இடைவெளியைக் காட்டும்போதும் பிழையைக் கழித்தே காட்டுங்கள்: அளந்தது 3.2 மீட்டர், பிழை 0.6 மீட்டர் என்றால் திரையில் 2.6. எச்சரிக்கை வர ஐந்து படத்தில் மூன்று போதும், விலக அரை நொடியாவது தொடர்ந்து சரியாக இருக்க வேண்டும். இல்லையேல் விளக்கு மினுக்கி மினுக்கி ஒரே வாரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இறங்குவதா, விலகுவதா என்பதை விமானியும் தள அதிகாரியும் முடிவு செய்யட்டும்.

உறைந்துபோன படம் தனி வியாதி. வீடியோ நின்றுவிட்டாலும் கடைசிப் படம் திரையில் அழகாக இருக்கும், காலி டெக், பச்சை விளக்கு. மென்பொருளுக்குள் எத்தனை கண்காணிப்பு வைத்தாலும் ஏதோ ஒரு இடைநிலைப் பெட்டி பழைய படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பும். பார்வையின் ஓரத்தில், டெக்கிலேயே, ஒரு சின்ன எல்இடியை ஒழுங்கற்ற இடைவெளியில் மினுக்க விடுங்கள். எப்போது மினுக்கியது என்பது கணினிக்குத் தெரியும். படத்தில் அதே நேரத்தில் அது தெரியாவிட்டால் சாம்பல். லென்ஸிலிருந்து திரை வரை முழுச் சங்கிலியையும் ஐம்பது ரூபாய்ச் சாமான் சோதித்துவிடும்.

கடலுக்குப் போகுமுன் குளத்தில் ஆட்டிப் பார்க்கலாம். ஐஐடி மெட்ராஸின் கடல்சார் பொறியியல் துறையில் இருப்பது போன்ற அலைத்தொட்டி கிடைத்தால் 1:25 அளவில் டெக் செய்யுங்கள். 20 மீட்டர் தளம் 80 செ.மீ. ஆகும், துருவின் ரோட்டார் 53 செ.மீ. நீளம் 25-இல் ஒன்றாகச் சுருங்கினால் நேரம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும்: 10 நொடி அலை 2 நொடி அலை. கேமராவும் நொடிக்கு 30 படத்துக்குப் பதில் 150 எடுக்க வேண்டும். இதை மறந்தால் தொட்டியில் கிடைத்த முடிவுக்கு அர்த்தமே இல்லை. வெளியில் ட்ரோன் வைத்துச் சோதிப்பதென்றால் முதலில் பார்க்க வேண்டியது, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம். மீனம்பாக்கம், தாம்பரம் என்று விமான நிலையங்களைச் சுற்றி இந்த ஊரில் நிறையவே தடை.

பொருத்தும் வேலையில் சிக்கனம் காட்டினால் உப்பு வசூலித்துவிடும். பெட்டி 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியப் பிராக்கெட்டில் ஸ்டீல் போல்ட் போட்டால் நடுவில் நைலான் வாஷர், இல்லையென்றால் அலுமினியம் மாவாக உதிரும். கேபிள் கீழிருந்து மேலே ஏறிப் பெட்டிக்குள் நுழைய வேண்டும், தண்ணீர் வழிந்து சொட்டிவிடும். சோதனை மேசைக்கு ரிச்சி தெருவில் வாங்கும் ஆர்ஜே-45 கனெக்டர் போதும். டெக்கில் அதன் செம்புக் கலவைத் தொடுமுனைகள் பச்சை பூக்கும், அங்கே திருகி மூடும் எம்12 கனெக்டர்தான். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. அறை அறையாகச் சுற்றிப் போனால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஹேங்கரிலிருந்து கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்கு ஃபைபர் இழுங்கள்.

கண்ணாடியில் உப்பு ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள டெக் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அரை மீட்டர்ச் சதுரம் இரண்டு பெயிண்ட் செய்துவிட்டால் போதும். சுத்தமான நாளில் இரண்டுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைப் பதிந்து வையுங்கள். அது 60 சதவீதத்துக்குக் கீழே போனால் கழுவச் சொல்லி எச்சரிக்கை. கழுவும்போது முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைக்க வேண்டும், அப்புறம்தான் துணி. காய்ந்த உப்பின்மேல் துணியை வைத்துத் தேய்த்தால் கண்ணாடியில் விழும் கீறல் எந்தத் தண்ணீருக்கும் போகாது. அடுத்த நாள் காலை வெயிலில் ஒவ்வொரு கீறலும் ஒரு சூரியன்.